காலுக்குள் வைக்கும் கம்பியும் மில்லிமீட்டர் கணக்கும்

(நம் சங்கத்தின் காலாண்டு நலவாழ்வுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக, அவர் சரிபார்த்துக் கொடுத்தபடி வெளியிடுகிறோம்.)

தண்ணீர் லாரிக் கணக்கைப் பேசி முடித்த களைப்போடு, எலும்பைப் பற்றியும் கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதல் நன்றி. செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். கேள்விகளுக்கும் அதிலேயே இடம் வைக்கிறேன்.

லிஃப்டிலும் வாக்கிங்கிலும் என்னைப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், அம்மாவுக்கு இடுப்பில் ராட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. இம்போர்ட்டட் போடலாமா, இந்தியன் போதுமா? ஸ்டீலா, டைட்டானியமா?" நியாயமான கேள்விதான், செலவு விஷயம் அல்லவா. ஆனால் என்னைக் கேட்டால், அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. வைத்த ராடும் ஸ்க்ரூவும் சரியான இடத்தில் நிற்கின்றனவா? காலைப் பொறுத்தவரை அதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். உலோகம் எலும்பை ஒட்ட வைப்பதில்லை. எலும்பு தானாகவே கூடுகிறது. கான்கிரீட் இறுகும் வரை சென்ட்ரிங் பலகை தாங்கி நிற்கிறதே, ராடும் பிளேட்டும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், சென்ட்ரிங்கை யாரும் தினமும் ஆட்டிப் பார்ப்பதில்லை. காலை ஆட்டாமல் இருக்க முடியாது. நிதானமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒவ்வோர் அடிக்கும் ஏறக்குறைய 150 கிலோ. தசைகள் இழுப்பதால் வரும் கணக்கு இது.

கட்டட வேலைக்காரர் கட்டுக்கம்பியை எப்படி ஒடிப்பார் என்று பார்த்திருப்பீர்கள். இப்படியும் அப்படியுமாக நாலு தடவை மடக்குவார், ஒடிந்துவிடும். எவ்வளவு நல்ல உலோகமானாலும், ஓயாமல் வளைந்து கொடுத்தால் ஒருநாள் களைத்துப் போகும். பெரியவர்களுக்குத் தொடை எலும்பு கூடப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஒரு பந்தயம் ஓடுகிறது. எலும்பு முதலில் கூடுமா, உலோகம் முதலில் விட்டுக்கொடுக்குமா? ஸ்க்ரூ நிற்கும் இடத்தின் மில்லிமீட்டர்கள் அந்தப் பந்தயத்தில் எலும்பின் பக்கம் இருக்க வேண்டும்.

இடுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் குடியிருப்பில் மூத்தவர்கள் அதிகம். பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் முறிவது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை. அதன் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது, அது இடுப்பின் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. பந்துக்குக் கீழே கழுத்து, கழுத்துக்குக் கீழே அகன்ற பகுதி. அந்த அகன்ற பகுதியில் முறிந்தால், எலும்புக்குள் ஒரு ராடோ பக்கவாட்டில் ஒரு பிளேட்டோ வைத்து, அதிலிருந்து ஒரு தடித்த ஸ்க்ரூவைக் கழுத்து வழியாகப் பந்துக்குள் செலுத்துகிறோம். வயதானவரின் எலும்பு உள்ளே நுரை மாதிரி இருக்கும். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் லேசான பிளாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் டிரில் போட்டு ராவல் பிளக் சொருகினால் அலமாரி ஒரு மாதத்தில் ஆடத் தொடங்கிவிடும். (ஞாயிறு மதியம் டிரில் போடுகிறவர்களைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை.)

பந்துக்குள் எந்த இடம் உறுதியானது? நடுமையமும், மேற்பரப்புக்குச் சற்று உள்ளே இருக்கும் அடர்த்தியான பகுதியும். ஸ்க்ரூவின் நுனி அங்கே போய் நிற்க வேண்டும். மூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடக் கூடாது, வெகு முன்னாலேயே நின்றுவிடவும் கூடாது. இதை அளக்க ஓர் எளிய வழியை அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பாம்கார்ட்னரும் அவருடைய சகாக்களும் 1995-ல் வெளியிட்டார்கள். முன்பக்க எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரம். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலும் அதே தூரம். இரண்டையும் கூட்ட வேண்டும். படம் பெரிதாகத் தெரியும் என்பதால், ஸ்க்ரூவின் உண்மையான தடிமனை வைத்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எங்கள் மொழியில் இதற்கு 'டிப்-ஏபெக்ஸ் டிஸ்டன்ஸ்' என்று பெயர். அவர்கள் பார்த்த 198 முறிவுகளில் 16-ல் ஸ்க்ரூ பந்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அந்தக் கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள் 120 பேர். அவர்களில் ஒருவருக்குக் கூட ஸ்க்ரூ வெளியே வரவில்லை.

25 மில்லிமீட்டர் என்பது நம் பழைய கணக்கில் ஓர் அங்குலம். 80 வயதுப் பாட்டி மறுபடி தன் காலில் எழுந்து சமையலறைக்குப் போவதும், இரண்டாவது தடவை மயக்க மருந்து வாங்கிப் படுப்பதும் அந்த ஓர் அங்குலக் கணக்குக்குள் இருக்கிறது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் இந்த எண்ணைப் பற்றிச் சில நுணுக்கங்களைச் சேர்த்திருக்கின்றன. ஆனாலும் தியேட்டரில் கடைசி ஸ்க்ரூவைத் திருகும் முன் நாங்கள் மனதுக்குள் போடும் கணக்கு இன்றும் அதுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூவை எவ்வளவு சரியாக வைத்தாலும், அதற்கு முன் முறிந்த துண்டுகளைச் சரியான கோணத்தில் சேர்த்திருக்க வேண்டும். கோணல் எலும்பில் நேரான ஸ்க்ரூ நிற்காது. தியேட்டரில் நேரமாகிவிட்டது என்று சொன்னால், பெரும்பாலும் அந்த நேரம் துண்டுகளைச் சேர்ப்பதில்தான் போயிருக்கும். திருகுவது பத்து நிமிட வேலை.

கம்பெனிக் கேள்விக்கு இதில்தான் வருத்தமான ஒரு பக்கம் இருக்கிறது. வெளியூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், குறிப்பிட்ட ஒரு வெளிநாட்டு ராட் வந்தால்தான் ஆபரேஷன் என்று பாட்டியை நான்கு நாள் படுக்கையில் காக்க வைத்தது. இடுப்பு முறிந்த மூத்தவர்களுக்குப் படுக்கைதான் எதிரி. நுரையீரலில் சளி, முதுகில் புண், காலில் ரத்த உறைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உடல்நிலை அனுமதித்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். அந்தப் பாட்டிக்கு ராட் வந்தபோது நிமோனியாவும் வந்திருந்தது. ஆபரேஷன் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அடுத்து, இளைஞர்களுக்கு வரும் முறிவு. பைக் விபத்தில் தொடை எலும்பின் நடுத்தண்டோ முழங்காலுக்குக் கீழுள்ள எலும்போ முறிவது. இதற்கு எலும்பின் நடுக் குழிக்குள் நீளமாக ராட் செலுத்துவதுதான் இன்றைய வழக்கம். இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கீல் நகரில் இருந்த கெர்ஹார்ட் குன்ட்ஷர். 1939-ல் தொடங்கி, அடுத்த ஆண்டு பெர்லினில் மருத்துவர்கள் கூடிய அவையில் சொன்னபோது பலர் நம்பவில்லை. அது போர்க்காலம். ஜெர்மனியில் பிடிபட்டு ஊர் திரும்பிய கைதிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த நேச நாட்டு மருத்துவர்கள், தொடைக்குள் முழு நீளத்துக்கு ஓர் உலோகக் கம்பி இருப்பதைக் கண்டு திகைத்தார்கள். மாதக்கணக்கில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்துக் கிடக்க வேண்டிய முறிவில், அந்தக் கைதிகள் வெகு சீக்கிரம் நடமாடியிருந்தார்கள்.

வெறும் ராடுக்கு ஒரு குறை உண்டு. எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தால், ராடின் மேலேயே எலும்பு சறுக்கிக் கால் குட்டையாகிவிடும், அல்லது திரும்பிக்கொள்ளும். அதைத் தடுக்க, ராடின் மேலும் கீழும் துளைகள் வைத்து, எலும்பையும் ராடையும் சேர்த்துக் குறுக்கே ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் முறை 1970களில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் வளர்ந்தது.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள்! தொடைக்குள்ளே, எலும்புக்குள்ளே, ராடில் இருக்கும் ஒரு சிறிய துளை. வெளியே தோலும் சதையும். அந்தத் துளைக்குள் நேராக டிரில் போக வேண்டும். மேல்முனைத் துளைக்கு ராடோடு இணைந்த வழிகாட்டிச் சட்டம் இருக்கிறது, சுலபம். ஆனால் ராட் உள்ளே இறங்கும்போது எலும்பின் வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் வளைந்துவிடும். அதனால் கீழ்முனையில் சட்டம் காட்டும் இடமும் துளை இருக்கும் இடமும் பொருந்தாமல் போகலாம். அங்கே சி-ஆர்ம் என்ற சுழலும் எக்ஸ்ரே கருவிதான் கண். துளை திரையில் முட்டை வடிவமாகத் தெரிந்தால் கருவி சாய்ந்திருக்கிறது என்று பொருள். முழு வட்டமாகத் தெரியும் வரை கருவியைத் திருப்புவோம். வட்டம் கிடைத்த பிறகு, டிரில்லின் நுனியை வட்டத்தின் நடுவில் வைத்து, கருவியின் கதிருக்கு நேராகப் பிடித்து உள்ளே செலுத்துவோம். இரண்டு மில்லிமீட்டர் தவறினால் டிரில் ராடின் ஓரத்தில் உரசி நழுவும், அல்லது ராடுக்குப் பக்கத்தில் போய்விடும். பின்னது மோசம். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் பூட்டு விழுந்திருக்காது. அதனால்தான் கடைசியில் பக்கவாட்டுப் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் தையல் போடக் கூடாது.

சி-ஆர்ம் இல்லாத ஊர்களில் என்ன செய்வது? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லண்ட் நகரில் லூயிஸ் சர்கிள் என்ற எலும்பு மருத்துவர் 1999-ல் 'சைன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வெளியே இருக்கும் சட்டத்தை வைத்தே துளையைக் கண்டுபிடித்துப் பூட்டும் ராட் அவர்களுடையது. வளையாத கெட்டிக் கம்பி என்பதால் சட்டம் காட்டும் இடம் பொருந்துகிறது. துளையைத் தொட்டு உணர ஒரு தனிக் கருவியும் உண்டு. ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு அதைத் தருகிறார்கள். துல்லியத்துக்கு விலையுயர்ந்த கருவி மட்டும்தான் வழி என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ராட் வைத்தபின் வரும் இன்னொரு சிக்கல், எக்ஸ்ரேயில் எளிதில் சிக்காத ஒன்று. கால் திரும்பியிருப்பது. எலும்பு நேராகத் தெரியும், ஆனால் முறிவுக்குக் கீழே உள்ள பகுதி உள்பக்கமோ வெளிப்பக்கமோ சுழன்ற நிலையில் பூட்டப்பட்டிருக்கும். 15 டிகிரிக்கு மேல் போனால் பொதுவாகத் திருத்த வேண்டும் என்று யோசிப்போம். சில நாட்களுக்குள் கண்டுபிடித்தால், ஒரு முனையின் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, காலைத் திருப்பி, மறுபடி பூட்டினால் போதும். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் கூடிய எலும்பை வெட்டியாக வேண்டும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன் நீங்களே பாருங்கள். நோயாளியை நேராகப் படுக்க வைத்து, இரண்டு முழங்கால் சில்லும் மேலே பார்க்கும்படி வைத்தால், இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி நிற்கின்றனவா? இல்லையென்றால் கூச்சப்படாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அது அவர் பிரச்சினை.

கணுக்காலைப் பற்றி ஒரே ஒரு எண் சொல்கிறேன். கணுக்கால் மூட்டின் நடுவே இருக்கும் எலும்பு வெறும் ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே, மூட்டின் இரு பரப்புகளும் ஒன்றையொன்று தொடும் இடம் சராசரியாக 42 சதவீதம் குறைகிறது. ராம்ஸி, ஹாமில்டன் என்ற இருவர் 1976-ல் அளந்து வெளியிட்டது. அதே பாரம் ஏறக்குறையப் பாதி இடத்தில் விழுந்தால் குருத்தெலும்பு தேயாமல் என்ன செய்யும்? அதனால்தான் "கணுக்காலில் சின்ன கிராக்தானே, எதுக்கு பிளேட்?" என்று கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுவேன். எல்லாக் கணுக்கால் முறிவுக்கும் பிளேட் வேண்டாம், மாவுக்கட்டே போதுமானவை நிறைய உண்டு. மூட்டு நகர்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

டிரில் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய எலும்புக்கு வழக்கமாகப் போடும் ஸ்க்ரூவின் தடிமன் 4.5 மில்லிமீட்டர். அதற்குப் போடும் துளை 3.2 மில்லிமீட்டர். துளை பெரிதானால் மரை பிடிக்காது. 1958-ல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் முதலிய மருத்துவர்கள் சேர்ந்து ஏஓ என்ற குழுவை அமைத்து, ராபர்ட் மாத்திஸ் என்ற கருவி செய்பவரோடு உட்கார்ந்து, எந்த ஸ்க்ரூவுக்கு எந்த டிரில், எந்தத் திருப்புளி என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார்கள். இன்று உலகம் முழுவதும் எங்கள் தட்டில் இருக்கும் கருவிகள் அந்த வழி வந்தவைதான்.

டிரில் சூடாகும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படுகிறது என்று 1980களில் சுவீடனில் முயல்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. சூட்டில் செத்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளாது. ஆகவே கூரான டிரில், விட்டுவிட்டுத் துளைப்பது, சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பது. பிறகு ஆழத்தை அளந்து ஸ்க்ரூவின் நீளத்தைச் சொல்ல வேண்டும். குட்டையானால் எதிர்ச் சுவரைப் பிடிக்காது. நீளமானால் மறுபக்கத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு இதற்கு எதிரான ஒன்றையும் சொல்லாவிட்டால் தப்பு. எல்லா இடத்திலும் துல்லியம் என்றால் ஒரே பொருள் இல்லை. மூட்டின் பரப்பு முறிந்தால், துண்டுகள் கண்ணாடி மாதிரி பொருந்த வேண்டும், இரண்டு மில்லிமீட்டர் படி நின்றால்கூட யோசிப்போம். ஆனால் எலும்பின் நடுத்தண்டு நொறுங்கியிருந்தால், ஒவ்வொரு சில்லையும் பொறுக்கி எடுத்துப் பொருத்தும் ஆசை ஆபத்தானது. சில்லுகளுக்கு ரத்தம் வருவது அவற்றோடு ஒட்டியிருக்கும் சதையிலிருந்துதான். அதை உரித்துவிட்டால் எக்ஸ்ரே அழகாக இருக்கும், எலும்பு கூடாது. அங்கே நீளம், நேர், திருப்பம் மூன்றையும் சரியாக வைத்து, நடுவில் கை வைக்காமல் விடுவதுதான் திறமை. ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகு எக்ஸ்ரேயில் நடுவே துண்டுகள் விலகி நிற்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஏன் அப்படி விட்டீர்கள் என்று கேளுங்கள், பதில் இருக்கும்.

நீங்கள் செய்யக் கூடியது என்ன? ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு படம் வேண்டும். ஒரு படத்தில் ஸ்க்ரூ பந்தின் நடுவில் இருப்பதுபோல் தோன்றும், மற்றொன்றில் ஓரத்தில் நிற்கும். "எல்லாம் நினைத்த இடத்தில் இருக்கிறதா, கவலைப்பட வேண்டிய இடம் ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, "எப்போது, எவ்வளவு எடை ஊன்றலாம்?" இடுப்பில் ராட் வைத்த பெரியவர்களைப் பெரும்பாலும் மறுநாளே வாக்கரோடு நிற்க வைப்போம். அதைப் பார்த்துவிட்டு, மூட்டு நொறுங்கி பிளேட் போட்ட இளைஞர் தானும் ஊன்றக் கூடாது. அவருக்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பக்கத்து ஃபிளாட்டுக்காரர் எத்தனை நாளில் நடந்தார் என்பது உங்கள் காலுக்குப் பொருந்தாது. சிகரெட்டை விடுங்கள், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். காயத்தில் நீர் கசிந்தாலோ, குறைந்து வந்த வலி மறுபடி ஏறினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இனி கேள்விகள்.

ஸ்டீலா, டைட்டானியமா என்று சி பிளாக் ஐயா விடவில்லை. சொல்கிறேன். இரண்டும் நல்லவை. டைட்டானியம் லேசானது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எம்ஆர்ஐ படத்தை அதிகம் கெடுக்காது. ஸ்டீல் விலை குறைவு, பல வகைப் பிளேட்டுகளுக்கு முழுக்கப் போதுமானது. தரச் சான்று உள்ள இந்தியத் தயாரிப்புகளை நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கையில் பணம் குறைவாக இருந்தால், அதைக் கம்பெனிப் பெயரில் போடாமல் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா? இந்த இரண்டு உலோகத்தையும் காந்தம் இழுத்துக்கொண்டு போகாது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும், அதில் ஒட்டியிருக்கும் இம்பிளான்ட் ஸ்டிக்கரையும் பத்திரமாக வையுங்கள், செல்போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் கருவி சத்தம் போட்டால் காலில் கம்பி இருக்கிறது என்று சொன்னால் போதும், கையால் சோதித்து அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக, ஏ பிளாக் அம்மா கேட்டது. மகனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் வைத்த பிளேட்டை எடுத்தே ஆக வேண்டுமா? வலியோ உறுத்தலோ தொற்றோ இல்லையென்றால் பெரியவர்களுக்கு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எடுப்பதும் ஓர் ஆபரேஷன்தான். ஸ்க்ரூவின் தலை மழுங்கிச் சுழல ஆரம்பித்தால் வைத்ததைவிட எடுக்க அதிக நேரம் ஆகும். எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பும் வரை எலும்பு பலவீனமாக இருக்கும், சில மாதங்களுக்கு ஓட்டமும் குதியும் வேண்டாம். அவர் கிரிக்கெட் ஆடுகிறவர் என்று சொல்கிறீர்கள். அப்படியானால் சீசன் முடிந்த பிறகு, புதிய எக்ஸ்ரேயோடு என் வீட்டுக்கு ஒருமுறை அழைத்து வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.